பாட்டும் பட்டாவும்: ஸ்டாக்ஸ் நிறுவனமும் சோல் இசைக் கலைஞர்களின் உரிமைகளும்

1967 கோடையில் அமெரிக்க வானொலியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பாட்டு: அரிதா ஃப்ராங்க்ளின் பாடிய 'ரெஸ்பெக்ட்'. ஜூன் மாதத்தில் இரண்டு வாரம் அது பில்போர்டு பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர் ஓட்டிஸ் ரெடிங். 1965-இல் அவரே பாடி வெளியிட்டபோது பொதுப் பட்டியலில் 35-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அரிதா அந்தப் பாட்டின் திசையையே மாற்றினார். உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண் எதிர்பார்க்கும் மரியாதை, அவர் வாயில் பெண் விதிக்கும் நிபந்தனையானது. தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் பகுதி ரெடிங்கின் பாட்டில் இல்லை. அதைச் சேர்த்தவர்கள் அரிதாவும் அவருடைய தங்கை கரோலினும். இன்று அந்தப் பாட்டு என்றாலே நினைவுக்கு வருவது அந்தப் பகுதிதான். இருந்தும், வானொலி நிலையங்கள் கட்டிய ராயல்டியில் ஒரு சென்ட்கூட அரிதாவுக்குப் போகவில்லை.

அமெரிக்கச் சட்டம் அப்படி. ஒரு பாட்டு வானொலியில் ஒலித்தால், எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் உண்டு. பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் கிடையாது. பழைய அலைவரிசை வானொலியைப் பொறுத்தவரை இன்றும் இதுவே நிலை. ஓர் இசைத்தட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, சொல்லும் மெட்டுமாகிய பாட்டு. மற்றொன்று, அந்தப் பாட்டை ஒருநாள் ஓர் அறையில் பாடிப் பதிந்த ஒலிநாடா. தொழிலில் இருப்பவர்கள் இதை 'மாஸ்டர்' என்கிறார்கள். தட்டு அச்சிடுவது, மறுபதிப்புப் போடுவது, படத்துக்கோ விளம்பரத்துக்கோ கொடுப்பது எல்லாம் மாஸ்டரை வைத்திருப்பவரின் உரிமை.

ராக், சோல் கலைஞர்களின் வரலாறு பெரும்பாலும் குரல், மேடை, போதை, விபத்து, மரணம் என்றே எழுதப்படுகிறது. ஒப்பந்தம் அந்த வரலாற்றின் கடைசி அத்தியாயத்தில் சோகத்துக்காக மட்டும் எட்டிப்பார்க்கும். உண்மையில் அது தொடக்கத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. ஒரு பாட்டு எத்தனை நிமிடம் ஓடும், எந்த வகை இசையைத் தொடலாம், எந்தப் பாட்டு வெளியே வரும் என்பதையெல்லாம் ஒப்பந்தங்கள் தீர்மானித்திருக்கின்றன. இதைத் தெளிவாகக் காட்டும் இடம் டென்னஸி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரிலிருந்த ஸ்டாக்ஸ் நிறுவனம்.

மெக்லிமோர் அவென்யூ, 926

ஜிம் ஸ்டூவர்ட் பகலில் வங்கி ஊழியர். ஓய்வில் ஃபிடில் வாசிப்பவர். வெள்ளையர்களின் நாட்டுப்புற இசையான கன்ட்ரிதான் அவருக்குத் தெரிந்தது. 1957-இல் சாட்டிலைட் என்ற பெயரில் சிறிய இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். ஆம்பெக்ஸ் ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணமில்லை. அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தன் வீட்டை அடமானம் வைத்தார். 1960-இல் கறுப்பினத்தவர் பெருகிவந்த ஒரு பகுதியில், மெக்லிமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த கேப்பிடல் திரையரங்கை வாடகைக்கு எடுத்தார்கள். அடுத்த ஆண்டு இருவர் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளும் சேர்ந்து 'ஸ்டாக்ஸ்' பிறந்தது.

திரையரங்கின் சரிந்த தரையைச் சமப்படுத்தக் காசில்லாததால் அப்படியே விட்டார்கள். திரை இருந்த இடத்தில் கட்டுப்பாட்டு அறை. சுவர்களும் தரையும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாத அந்தக் கூடத்தில் ஒலிக்கு ஒரு தனிக் கனம் வந்தது. வாசலில் தின்பண்டம் விற்ற இடத்தை எஸ்டெல் இசைத்தட்டுக் கடையாக்கினார். நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் அதுதான். உள்ளே பதிவான பாட்டை அப்படியே கடையில் போடுவார். தெருப் பையன்கள் ஆடுகிறார்களா, யார் பாடியது என்று கேட்கிறார்களா என்று பார்ப்பார். பிற நிறுவனத் தட்டுகளில் எது விற்கிறது, ஏன் விற்கிறது என்பதைத் தம்பிக்கும் பாட்டெழுதுபவர்களுக்கும் எடுத்துச் சொல்வார். அந்தக் கடையைச் சுற்றிவந்த பையன்களில் புக்கர் டி. ஜோன்ஸ் ஒருவர். எதிர்ப்பக்க மளிகைக்கடையில் வேலை பார்த்த டேவிட் போர்ட்டர் இன்னொருவர்.

1962-இல், வரவேண்டிய பாடகரின் பதிவு நடக்காமல் போன ஒரு நாளில், கையில் கிடைத்த நேரத்தில் நால்வர் சும்மா வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டூவர்ட் நாடாவை ஓடவிட்டார். அதில் பிறந்ததுதான் 'கிரீன் ஆனியன்ஸ்'. ஆர்கன் வாசித்த புக்கர் டி.க்கு அப்போது வயது 17. கிதாரில் ஸ்டீவ் கிராப்பர், டிரம்ஸில் ஆல் ஜாக்சன், பேஸ் கிதாரில் லூயி ஸ்டைன்பர்க். பின்னர் ஸ்டைன்பர்க்கின் இடத்துக்கு டக் டன் வந்தார். அதன்பின் குழுவில் இருவர் கறுப்பினத்தவர், இருவர் வெள்ளையர். வெளியே மெம்ஃபிஸின் உணவகங்களிலும் பள்ளிகளிலும் இன ஒதுக்கல் நீடித்த காலம் அது.

அவர்கள் வாசிப்பின் நுட்பத்தை ஓரிடத்தில் உற்றுக் கேட்கலாம். 1965 மே மாதம் வில்சன் பிக்கெட் 'இன் தி மிட்நைட் அவர்' பதிவுக்காக மெம்ஃபிஸ் வந்தார். அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வெளியே வந்து, நியூயார்க் இளைஞர்கள் அப்போது ஆடிய 'ஜெர்க்' நடனத்தை ஆடிக் காட்டினார். அழுத்தம் இரண்டாவது, நான்காவது தட்டில் விழவேண்டும் என்பது அவர் கருத்து. கிராப்பரும் ஜாக்சனும் அந்தத் தட்டை இமைக்கும் நேரம் தாமதித்து வாசித்தார்கள். தாளம் தவறவில்லை, ஆனால் ஒவ்வொரு அடியும் ஒருகணம் தயங்கி இறங்குகிறது. அந்தத் தயக்கம் மெம்ஃபிஸ் சோலின் முத்திரையாகவே நிலைத்தது. இந்த ஒலிக்காகவே 1966-இல் பீட்டில்ஸ் குழுவினர் ஸ்டாக்ஸில் பதிவுசெய்ய யோசித்தார்கள், அது கைகூடவில்லை.

ஓட்டிஸ் ரெடிங் இந்த அறைக்குள் வந்ததும் எதிர்பாராமல்தான். ஜார்ஜியா மாநிலம் மேக்கனில் வளர்ந்தவர். 1962-இல் ஜானி ஜென்கின்ஸ் என்ற கிதார் கலைஞரின் பதிவுக்குக் கார் ஓட்டி வந்தார். ஜென்கின்ஸின் பதிவு சரியாக அமையவில்லை. மிச்சமிருந்த நேரத்தில் ரெடிங் 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' பாடினார். அடுத்த ஐந்து ஆண்டுகள் ஸ்டாக்ஸின் முதன்மைக் குரல் அவருடையது. புகழ்பெற்ற 'ஓட்டிஸ் புளூ' ஆல்பத்தின் பெரும்பகுதி 1965 ஜூலையில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவானது. வணிகமும் அவருக்குத் தெரிந்திருந்தது. மேலாளரோடு சேர்ந்து சொந்தமாகப் பாட்டுப் பதிப்பகம் வைத்திருந்தார்; மேக்கனுக்கு அருகே பண்ணை வாங்கியிருந்தார். 'ரெஸ்பெக்ட்' அரிதாவின் பாட்டாக மாறிய பிறகும் எழுதியவருக்கான பணம் அவருக்கே போனது.

படிக்காத பத்தி

ஸ்டாக்ஸின் தட்டுகளை நாடெங்கும் கொண்டுசேர்த்தது நியூயார்க்கின் அட்லாண்டிக். 1960 முதல் ஐந்து ஆண்டுகள் இந்த ஏற்பாடு வாய்ப்பேச்சிலும் நம்பிக்கையிலும் ஓடியது. 1965-இல் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டவர் ஸ்டூவர்ட். அட்லாண்டிக் கைமாறினாலோ வெக்ஸ்லர் விலகினாலோ தான் உறவை முறித்துக்கொள்ள வழி வேண்டும் என்பது அவர் கவலை. அந்தப் பாதுகாப்பு விதி ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. இன்னொரு விதியும் இருந்தது: அட்லாண்டிக் விநியோகிக்கும் ஸ்டாக்ஸ் பதிவுகளின் மாஸ்டர் உரிமை முழுவதும் அட்லாண்டிக்குக்கே. வங்கியில் பணியாற்றிய ஸ்டூவர்ட் அந்தத் தாளை முழுதாகப் படிக்காமல் கையெழுத்திட்டார்.

1967-இல் அட்லாண்டிக்கை வார்னர் பிரதர்ஸ்–செவன் ஆர்ட்ஸ் வாங்கியது. ஸ்டூவர்ட் விலகிக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்த முனைந்தார். பேச்சுவார்த்தையில்தான் உண்மை தெரியவந்தது. விளைச்சலை விற்றுத்தர ஆள் வைத்ததாக அவர் நினைத்திருந்தார், பட்டாவே மாறியிருந்தது. 'கிரீன் ஆனியன்ஸ்' உட்பட, அட்லாண்டிக் விநியோகித்த பதிவுகள் எதுவும் ஸ்டாக்ஸுக்குச் சொந்தமில்லை. அப்படி ஒரு விதி இருந்தது தனக்கே தெரியாது என்று வெக்ஸ்லர் பின்னாளில் எழுதினார். தெரிந்தோ தெரியாமலோ, அட்லாண்டிக் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்டாக்ஸின் மற்றொரு தூணான சாம் அண்ட் டேவ் இரட்டையரும் சட்டப்படி அட்லாண்டிக்கின் கலைஞர்கள், இரவலாக வந்தவர்கள். அவர்களும் போனார்கள்.

ரெடிங் அப்போது உயிரோடு இல்லை. 1967 ஜூனில் மான்டரே இசை விழாவில் ராக் ரசிகர் கூட்டத்தை வென்றவர், டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலம் மேடிசனுக்கு அருகே மனோனா ஏரியில் விமானம் விழுந்து இறந்தார். வயது 26. உடன் வந்த பார்-கேஸ் குழுவின் இளைஞர்கள் நால்வரும் இறந்தார்கள். டிரம்பெட் வாசித்த பென் காலி ஒருவர் மட்டும் உயிர் தப்பினார். விபத்துக்குச் சில நாட்கள் முன்பு ரெடிங் பதிவுசெய்திருந்த 'டாக் ஆஃப் தி பே' பாட்டை ஸ்டீவ் கிராப்பர் துக்கத்துக்கிடையே முடித்தார். கடற்பறவை ஒலியையும் அலை ஒலியையும் சேர்த்தார். இறுதியில் ரெடிங் அடித்த சீழ்க்கையை அப்படியே விட்டார். 1968 மார்ச்சில் அது முதலிடம் பிடித்தது. பாடகர் இறந்தபின் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் தனிப்பாட்டு அது. அதன் மாஸ்டரும் அட்லாண்டிக்குக்கே.

அடுத்த மாதம், ஏப்ரல் 4 அன்று, மெம்ஃபிஸின் லொரெய்ன் மோட்டலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்டாக்ஸ் கலைஞர்கள் இன வேறுபாடின்றி ஒன்றாக உட்கார முடிந்த வெகுசில இடங்களில் ஒன்று அந்த விடுதி. 'நாக் ஆன் வுட்' எழுதப்பட்டது அங்கேதான். பாட்டும் போய், பாடகரும் போய், பாட்டு பிறந்த விடுதியும் ரத்தக்கறை படிந்து நின்ற நேரத்தில், மே மாதம் ஸ்டாக்ஸை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்துக்கு விற்றார்கள்.

27 ஆல்பங்கள்

இங்கிருந்து கதை எல்லோரும் எதிர்பார்க்கும் வழியில் போகவில்லை. வானொலி அறிவிப்பாளராக இருந்து 1965-இல் விற்பனை வேலைக்கு வந்த ஆல் பெல், நிறுவனத்தின் பொறுப்பைக் கையிலெடுத்தார். அவர் கணக்கு எளிது: பழைய சரக்கு இல்லையென்றால் புதிய சரக்கை ஒரே மூச்சில் உண்டாக்கு. 1969 நடுவில் 27 ஆல்பங்களை ஒன்றாகச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்காகப் பாடகர், பாட்டெழுதுபவர், வாத்தியக்காரர் எல்லோரையும் ஆல்பம் செய்யச் சொன்னார்.

அவர்களில் ஒருவர் ஐசக் ஹேய்ஸ். டென்னஸியின் கவிங்டனில் பிறந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, இறைச்சிப் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். டேவிட் போர்ட்டரோடு சேர்ந்து 'சோல் மேன்' உள்ளிட்ட பாட்டுகளை சாம் அண்ட் டேவுக்கு எழுதியவர். பிறருக்காக எழுதியவர் என்றே அறியப்பட்டவர். 1968-இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் கவனம் பெறவில்லை. இம்முறை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: என் விருப்பப்படிதான் செய்வேன். 27-இல் ஒன்றுதானே என்று பெல்லும் சம்மதித்தார்.

'ஹாட் பட்டர்டு சோல்' என்ற அந்த ஆல்பத்தில் மொத்தமே நான்கு பாட்டுகள். 'வாக் ஆன் பை' 12 நிமிடம். 'பை தி டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்' 18 நிமிடத்துக்கும் மேல். அதில் பாட்டு தொடங்குமுன் பல நிமிடங்கள் ஆர்கனின் ஒரே சுருதிமேல் ஹேய்ஸ் தாழ்ந்த குரலில் கதை சொல்கிறார். பின்னணியில் வாசித்தவர்கள் விபத்துக்குப்பின் மீண்டும் திரட்டப்பட்ட பார்-கேஸ். சோல் என்றால் மூன்று நிமிடத் தட்டு, வானொலிக்கான சரக்கு என்ற விதி அன்றோடு தளர்ந்தது. ஆல்பம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. கறுப்பினக் கலைஞர்களுக்கும் நீண்ட ஆல்பம் சந்தையில் நிற்கும் என்று நிறுவனங்கள் நம்பத் தொடங்கின. 1970-களில் ஸ்டீவி வொண்டரும் மார்வின் கேயும் ஆல்பத்தை ஒரே படைப்பாக நினைத்து எழுதிய காலத்துக்கு இது ஒரு வாசல்.

அந்த 18 நிமிடத்துக்கு ஹேய்ஸின் கற்பனை மட்டும் காரணமில்லை. ஸ்டூவர்ட் படிக்காமல் விட்ட ஒரு பத்தியும் காரணம். பழைய தட்டுகளின் வருமானம் வந்துகொண்டிருந்தால் 27 ஆல்பங்களுக்குத் தேவை வந்திருக்காது. 27 இல்லையென்றால் பாட்டெழுதுபவர் ஒருவரிடம் முழுச் சுதந்திரத்தை யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள்.

1971-இல் 'ஷாஃப்ட்' படத்துக்கு ஹேய்ஸ் இசையமைத்தார். மறு ஆண்டு சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பெற்றார். அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர். ஸ்டூவர்டும் பெல்லும் 1970-இல் கடன் வாங்கி நிறுவனத்தை மீட்டிருந்தார்கள். 1972 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டாக்ஸ் கலைஞர்கள் பாடிய 'வாட்ஸ்டாக்ஸ்' விழா நடந்தது. அனுமதிச்சீட்டு 1 டாலர். வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

அதே ஆண்டு சிபிஎஸ் நிறுவனத்தோடு போட்ட விநியோக ஒப்பந்தம் இரண்டாவது அடி. அதை முடித்துவைத்த கிளைவ் டேவிஸ் மறு ஆண்டே சிபிஎஸ்ஸிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப்பின் வந்தவர்களுக்கு ஸ்டாக்ஸில் அக்கறை இல்லை. கறுப்பினக் குடியிருப்புகளின் சிறு கடைகளுக்குத் தட்டு போய்ச்சேரவில்லை. வரவேண்டிய பணமும் முழுதாக வரவில்லை. ஒப்பந்தம் நீடித்ததால் வேறு யாரிடமும் விநியோகத்தைக் கொடுக்க முடியவில்லை. கடன் கொடுத்த யூனியன் பிளான்டர்ஸ் வங்கி பிடியை இறுக்கியது. 1975 டிசம்பரில் நீதிமன்ற ஆணைப்படி ஸ்டாக்ஸ் மூடப்பட்டது. நிறுவனத்தைக் காப்பாற்றத் தன் சொத்தை ஈடுவைத்த ஸ்டூவர்ட் அதையும் இழந்தார். பெல்மீது வங்கி மோசடி வழக்கு தொடுக்கப்பட்டு, 1976-இல் அவர் விடுதலையானார். அதே ஆண்டு ஐசக் ஹேய்ஸ் திவாலானார். தான் எழுதிய பாட்டுகளின் ராயல்டி உரிமையையும் பறிகொடுத்தார்.

படித்துக் கையெழுத்திட்டவர்கள்

எல்லோரும் ஏமாந்தவர்கள் இல்லை. ரே சார்ல்ஸ் 1959 இறுதியில் அட்லாண்டிக்கை விட்டு ஏபிசி-பாரமவுண்டுக்குப் போனபோது, சில ஆண்டுகளில் மாஸ்டர்கள் தனக்கே திரும்பவேண்டும் என்று எழுதி வாங்கினார். அன்று வெள்ளை நட்சத்திரங்களிலேயே வெகுசிலருக்குத்தான் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. பார்வையற்ற அந்தக் கலைஞர் தன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் அறிந்திருந்தார். பலன் இசையிலும் தெரிந்தது. 1962-இல் கன்ட்ரி பாட்டுகளைத் தன் பாணியில் பாடி ஓர் ஆல்பம் செய்யப்போவதாகச் சொன்னார். நிறுவனத்தில் தயக்கம் இருந்தது. தடுக்கும் அதிகாரம் இல்லை. அதிலிருந்து வந்த 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது.

ஜேம்ஸ் பிரவுனின் வழி வேறு. மேடைக் கச்சேரியை அப்படியே தட்டாக்க வேண்டும் என்றார். புதிய பாட்டே இல்லாத ஆல்பத்தை யார் வாங்குவார்கள் என்று கிங் நிறுவன உரிமையாளர் சிட் நேத்தன் மறுத்தார். பிரவுன் தன் பணத்தைப் போட்டு 1962 அக்டோபர் 24 அன்று ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் பதிவுசெய்தார். அது பட்டியலில் 66 வாரம் நின்றது.

சாம் குக்கின் கதையில் எச்சரிக்கை இருக்கிறது. ஆன்மிகப் பாட்டிலிருந்து பாப் இசைக்கு வந்த அவர், 1950-களின் முடிவிலேயே சொந்தப் பதிப்பகமும் சொந்த இசைத்தட்டு நிறுவனமும் வைத்திருந்தார். 1963-இல் கணக்கர் ஆலன் கிளைன் உதவியால், ஆர்சிஏ நிறுவனத்தோடு புதிய ஏற்பாடு செய்தார். பதிவுகள் குக்கின் மகள் பெயரில் தொடங்கிய டிரேசி நிறுவனத்துக்குச் சொந்தம். ஆர்சிஏ விநியோகம் மட்டும் செய்யும். அந்தச் சுதந்திரத்தில்தான் 1964 ஜனவரியில், குடிமை உரிமைப் போராட்டத்தின் குரலான 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' பதிவானது. ஆனால் டிரேசி நிறுவனத்தின் கட்டுப்பாடு கிளைன் கையில் இருந்தது. 1964 டிசம்பர் 11 அன்று 33 வயதில் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் அவருடைய பதிவுகளும் பாட்டுரிமையும் கிளைனின் ஆப்கோ நிறுவனத்திடம் போய்ச்சேர்ந்தன. அதே கிளைனிடம் போன ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவும் 1970-இல் விலகியபோது, தங்கள் 1960-களின் மாஸ்டர்கள் அவரிடம் இருப்பதைக் கண்டது. சோலில் நடந்தது ராக்கிலும் நடந்தது. ஸ்டோன்ஸுக்கு இழப்பை ஈடுகட்ட நீண்ட ஆயுளும் பெரிய அரங்குகளும் இருந்தன. தெற்கத்திய சோல் கலைஞர்கள் பலருக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

இவற்றை அடுக்கிப் பார்த்தால் ஒரு முறை தெரிகிறது. உரிமை கையிலிருந்தபோது கலைஞர் எல்லை தாண்டினார்: சார்ல்ஸ் கன்ட்ரிக்குப் போனார், குக் அரசியலைப் பாடினார். உரிமை போனபோது நெருக்கடி அவரை வேறு வழியில் தள்ளியது: ஸ்டாக்ஸ் ஆல்பங்களுக்கு மாறியது. இரண்டிலும் நல்ல இசை வந்தது. வேறுபாடு, அந்த இசையின் பலன் அடுத்த தலைமுறையில் யார் வீட்டுக்குப் போனது என்பதில்தான். சட்டமும் இங்கே மெதுவாகவே நகர்ந்தது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை வழங்கியதே 1972 பிப்ரவரி 15 முதல்தான். அதற்கு முந்தைய பதிவுகளுக்கு இணையவழி ஒலிபரப்பில் ராயல்டி உறுதியானது 2018-இல்.

மெக்லிமோர் அவென்யூ கட்டடத்தை வங்கி ஒரு தேவாலயத்துக்கு 10 டாலருக்கு விற்றது. 1989-இல் அது இடிக்கப்பட்டது. 2003-இல் அதே இடத்தில், அதே முகப்போடு, ஸ்டாக்ஸ் அருங்காட்சியகம் எழுந்தது; ஐசக் ஹேய்ஸின் தங்கமுலாம் பூசிய காடிலாக் கார் அங்கே சுழலும் மேடையில் நிற்கிறது. பதிவுகள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. 1968 மே மாதத்துக்கு முந்தையவை வார்னர் குழுமத்திடம். பிந்தையவை ஃபேன்டஸி நிறுவனத்தின் கைக்குப் போய், 2004 முதல் கான்கார்டிடம். அந்தச் சரிந்த தரையில் நின்று பாடியவர், வாசித்தவர், வீட்டை அடமானம் வைத்தவர் யாருக்கும் அவற்றின் மாஸ்டர் உரிமை கிடைக்கவில்லை. இனி ஒரு சோல் கலைஞரின் வாழ்க்கையை எழுதுபவர்கள், அவர் எப்படிப் பாடினார் என்பதோடு எதில் கையெழுத்திட்டார் என்பதையும் தேடிப் படிக்கவேண்டும். அது இல்லாமல் அந்த வரலாறு முழுமையாகாது.